குளத்துக்கு ஒரு கல்லூரி, பத்து வருடம்: குமரி மாவட்ட உயிரியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரலில் வைவா முடிந்ததும் துறை அலமாரியில் பைண்டு போட்ட ப்ராஜெக்ட் புத்தகங்கள் புதிதாகச் சேரும். அவற்றில் ஒன்றாவது சுசீந்திரம் குளத்துப் பறவைகளைப் பற்றியதாக இருக்கும். பக்கத்துக் கல்லூரி அலமாரியிலும் அதே தலைப்பு, ஊர்ப் பெயர் மட்டும் தேரூர் என்றோ மணக்குடி என்றோ மாறியிருக்கும். இத்தனை பேர் இத்தனை வருடம் எண்ணியும், நீலச்சிறகி வாத்து இங்கே கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று வனத்துறை கேட்டால் அலமாரியைத் திறந்து பதில் சொல்ல முடியாது. ஒரு மாணவி கரையில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்று எண்ணியிருப்பார். அடுத்த வருடத்து மாணவர் பைக்கில் குளத்தைச் சுற்றி மூன்று மணி நேரம் எண்ணியிருப்பார். இருவருமே தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வழியே இல்லை. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எப்படி எழுத வேண்டும் என்று நாம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பறவை ஆய்விலும் சுற்றுச்சூழல் உயிரியல் கற்பித்தலிலும் இருக்கும் நாங்கள் கேட்பது இதுதான். கல்லூரிக்கு ஒரு குளம் என்று பிரித்துக்கொள்வோம். எல்லாரும் ஒரே முறையில் எண்ணுவோம். பத்து வருடம் அந்த முறையில் கைவைக்காமல் இருப்போம்.

சிறிய மாவட்டம் நம்முடையது. அதற்குள்ளேயே சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும் (94.23 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநில வளாகமும் (19.75 ஹெக்டேர்) 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், ஏறின. பட்டியலில் ஏறிய இடத்துக்குக் கண்காணிப்பு வேண்டும். அதைச் செய்ய அருகிலேயே ஆள்பலம் உள்ள அமைப்பு என்றால் கல்லூரிகள்தான். 1933-இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது இந்த மாவட்டமும் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. எந்த இடம், எந்தத் தேதி என்ற குறிப்போடு அது பதிவானதால்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறோம். நம் அலமாரிப் புத்தகங்களில் இல்லாதது அந்தக் குறிப்புதான்.

குளத்துக் கணக்கெடுப்பில் எங்கே தவறு நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் வெயில். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே. எதிர்வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசும், பறவை வெறும் கறுப்பு உருவமாகத் தெரியும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஒன்றுபோலத் தோன்ற, "வாத்து, 200" என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். பேருந்து நிறுத்தம் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில் நின்று எண்ணுவதுதான் இன்றைய வழக்கம்.

அடுத்தது பிரிப்பு. குளம் முழுவதையும் ஒரே மூச்சில் எண்ணக் கூடாது. மடை, மறுகால், கோயில் படித்துறை, மின்கம்பம் என்று அசையாத அடையாளங்களை வைத்து நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, படம் வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறிக்க வேண்டும். பனை மரத்தை அடையாளமாக வைக்க வேண்டாம். பத்து வருடத்தில் அது நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, மின்கம்பத்தில் எண்ணாவது எழுதியிருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். பார்ப்பவரே குனிந்து எழுதினால் நிமிர்வதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். 8×42 பைனாகுலர் இரண்டு பேருக்கு ஒன்று போதும். ஆனால் உப்பளத்துக்கும் பெரிய குளத்துக்கும் முக்காலியில் நிற்கும், 20–60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று கட்டாயம் வேண்டும். துறைக்கு ஒன்று வாங்க முடியாவிட்டால் இரண்டு கல்லூரி சேர்ந்து வாங்கலாம்.

கூட்டத்தை மதிப்பிடுவது தனிப் பயிற்சி. பழகாத கண் பெரிய கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடும். வகுப்பறையிலேயே பழக்கலாம். கறுப்புத் தாளில் ஒரு பிடி அரிசியைச் சிதறவிட்டு, ஐந்து விநாடி காட்டி மூடிவிடுங்கள். எல்லாரும் ஒரு எண் எழுதட்டும், பிறகு அரிசியை எண்ணுங்கள். பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டி எண்ணுகிறவருக்கும் மொத்தமாகப் பார்த்து ஊகிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். களத்தில் மதிப்பீட்டைச் சொன்ன பிறகு அதே கூட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். அறைக்கு வந்து படத்தில் எண்ணி, மதிப்பிட்டது எவ்வளவு, எண்ணியது எவ்வளவு என்று இரண்டையும் பதிய வேண்டும். ஒருவர் எப்போதும் ஒரே அளவில் குறைத்துச் சொல்கிறார் என்று தெரிந்தால் அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

தண்ணீர் மட்டம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. கரையோரச் சேற்றில் மேயும் சிறு உள்ளானால் நாலைந்து செ.மீ. தண்ணீருக்கு மேல் இரை தேட முடியாது. தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துக்கு ஒன்றிரண்டு சாண் ஆழம் சரிப்படும். குளம் நிறைந்து கிடக்கும் வருடத்தில் உள்ளானைத் தேடினால் இருக்காது, அது உப்பளத்துக்குப் போயிருக்கும். ஆழம் எழுதாத ப்ராஜெக்ட் இதை "எண்ணிக்கை சரிவு" என்று முடிவுரையில் எழுதிவிடும். பேச்சிப்பாறை அணை திறப்பு, கும்பப்பூ சாகுபடிக்கு மடை திறப்பு, அறுவடைக்கு முன் வடிப்பது என்று நம் குளங்களின் மட்டம் ஏறி இறங்குவதெல்லாம் விவசாயத்தின் போக்கில். மடைச் சுவரில் அளவுக்கோடு இருந்தால் ஒவ்வொரு முறையும் அதைக் குறியுங்கள். இல்லையென்றால் அனுமதி வாங்கி செ.மீ. குறித்த கம்பு ஒன்றை நட்டுக்கொள்ளலாம். மணக்குடியில் இதற்கு மேலே இன்னொன்றும் உண்டு. பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்) மணல்மேட்டால் அடைபட்டிருக்கிறதா, வெட்டிவிடப்பட்டிருக்கிறதா என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். பொழி திறந்த மறுநாள் சேற்றுத்திட்டு வெளிப்பட்டு, முந்தின நாள் இல்லாத உப்புக்கொத்திக் கூட்டம் அங்கே நிற்கும்.

தாமரை பறிப்பவர்கள், வலை போடுபவர்கள், அறுவடை வயலில் மேய்ச்சல் வாத்து ஓட்டி வந்தவர்கள் யார் இருந்தாலும் அதையும் குறிக்க வேண்டும். மேய்ச்சல் வாத்தைப் புள்ளிமூக்கு வாத்தோடு சேர்த்து எண்ணிய பட்டியல்களும் உண்டு என்பதைச் சிரிக்காமல் சொல்லி வைக்கிறோம்.

கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஒரே காலையில் தேரூரில் எழுந்து, சுசீந்திரத்தில் இறங்கி, புத்தளம் உப்பளத்துக்குப் போய்விடும். சனிக்கிழமை ஒரு கல்லூரி, ஞாயிறு இன்னொரு கல்லூரி என்று எண்ணிக் கூட்டினால் ஒரே நாரை இரண்டு முறை கணக்கில் வரும். அதனால்தான் ஒரே நாள், ஒரே நேரம் என்று வற்புறுத்துகிறோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை 6.30 முதல் 8.30 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் அதை ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு பொருத்திக்கொண்டால் நம் எண்கள் 1987 முதல் நடந்துவரும் ஒரு தொடரில் சேரும்.

காலண்டரில் ஒரு கோளாறு இருக்கிறது. ப்ராஜெக்ட் கடைசி செமஸ்டரில் வருகிறது. டிசம்பரில் தலைப்பு, ஜனவரியில் அனுமதிக் கடிதம், பிப்ரவரியில் களம், மார்ச்சில் டைப்பிங். ஆகவே நம்மிடம் இருப்பதெல்லாம் பிப்ரவரிக் குளம். வலசை வரும் ஆகஸ்ட், செப்டம்பரும் இல்லை, உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் மழை மாதங்களும் இல்லை. உப்புக்கொத்திகள் ஆகஸ்டில் வந்திறங்கும்போது இனப்பெருக்கக் கால நிறம் முழுதாக உதிர்ந்திருக்காது. செம்மார்பின் மிச்சம் தெரியும், இனம் பிரிக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. பிப்ரவரியில் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. முதுகலை முதலாண்டு மாணவர்கள் ஜூலை முதல் நவம்பர் வரை எண்ணட்டும், இரண்டாமாண்டு மாணவர்கள் டிசம்பர் முதல் எடுத்துக்கொள்ளட்டும். ப்ராஜெக்ட் எழுதுபவர் தன் ஒரு பருவத்தோடு முந்தைய வருடங்களின் தரவையும் சேர்த்து அலசட்டும். அனுபவமுள்ள சீனியர் ஜூனியருக்குக் கைமாற்றிக் கொடுப்பதும் அப்படியே நடந்துவிடும்.

மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கல்லூரிகள் குளத்தை விட்டு ரப்பர் தோட்டத்தையும் காட்டையும் ஒப்பிடலாம். பத்து நிமிடப் புள்ளிக் கணக்கெடுப்பு (ஒரே இடத்தில் நின்று எண்ணுவது), புள்ளிக்குப் புள்ளி 250 மீட்டர் இடைவெளி, பறவை இருந்த தூரத்தை 0–10, 10–20, 20–30, 30–50 மீட்டர் என்று பட்டை பட்டையாகக் குறிப்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்த்து நிற்கும், தூரத்துப் பறவையும் கண்ணுக்குப் படும். பக்கத்துப் பசுமைமாறாக் காட்டில் பத்து மீட்டருக்கு அப்பால் காதை நம்பித்தான் ஆக வேண்டும். வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டால் ரப்பர் தோட்டம் காட்டுக்குச் சமம் என்று முடிவு வந்துவிடும், அந்த முடிவு ஒரு கருத்தரங்க மலரிலும் அச்சாகிவிடும். தூரத்தைக் குறித்திருந்தால் இதைக் கணக்கில் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு ஓர் இனத்துக்கு எழுபது, எண்பது பதிவாவது வேண்டும். ஒரு மாணவரின் ஒரு பருவத்தில் சின்னான், தையல்சிட்டு தவிர வேறெதற்கும் அது தேறாது. பல வருடத் தரவைச் சேர்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று வீசும் நாட்களில் புள்ளிக் கணக்கெடுப்பே வேண்டாம், எதுவும் காதில் விழாது. மலையுச்சிச் சோலைகளுக்குப் போக ஆசைப்படும் மாணவர் வருவார். அசம்பு மலைச் சோலைக்கிளியை (பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி அல்ல) தனி இனம் என்று 2017-இல்தான் ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள் என்று படித்திருப்பார். ஆசை நியாயமானதே. முதலில் அடிவாரத்துப் பறவைகளில் முப்பதின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லட்டும், பிறகு மேலே அனுப்பலாம்.

இன்னொரு பிரபலமான தலைப்பு தூக்கணாங்குருவிக் கூடு. தென்னையிலும் பனையிலும் தொங்குவதை எண்ணி, மரத்துக்கு எத்தனை, எந்தத் திசையில் எத்தனை என்று அட்டவணை போடுவார்கள். தலைக்கவசம் போலப் பாதியில் நிற்கும் கூடு ஆண் கட்டிக் காட்டியது, பெண் ஏற்காதது அல்லது இன்னும் ஏற்காதது. பெண் ஏற்ற பிறகே முட்டை அறையும் குழாய் வாசலும் முடியும். இரண்டையும் ஒரே பத்தியில் எண்ணினால் கூடுகளின் எண்ணிக்கைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தொடர்பே இருக்காது. பாதிக் கூடு, குழாய் இறங்கியது, பெண் இரை கொண்டு நுழைவது என்று குறைந்தது மூன்று நிலைகளாகப் பிரித்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை கீழே இருந்தபடியே அரை மணி நேரம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

வெற்றி விகிதம் கணக்கிடும் இடத்தில்தான் பெரிய பிழை. 20 கூடு பார்த்தோம், 12-இல் குஞ்சு பறந்தது, வெற்றி 60 விழுக்காடு என்று எழுதுகிறார்கள். முட்டையிட்ட மறுநாளே அழிந்த கூடு நம் கண்ணில் படவே இல்லை. நாம் கண்டதெல்லாம் ஏற்கெனவே பல நாள் தப்பிப் பிழைத்தவை. பறவையியலாளர் மேஃபீல்ட் 1961-இல் சொன்ன எளிய கணக்கு இதைச் சரிசெய்கிறது. அந்த 20 கூடுகளையும் நாம் கண்காணித்த நாட்களைக் கூட்டுங்கள். 200 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அழிந்தவை 8. ஒரு நாளில் அழியும் வாய்ப்பு 8/200, அதாவது 0.04. தப்பும் வாய்ப்பு 0.96. அடைகாப்பும் குஞ்சு வளர்ப்பும் சேர்ந்து சுமார் 32 நாள் என்றால் 0.96-ஐ 32 முறை பெருக்க வேண்டும். விடை 0.27. அறுபது என்று எழுதியது இருபத்தேழாகிவிட்டது! இதற்கு மென்பொருள்கூட வேண்டாம், செல்போன் கால்குலேட்டர் போதும். கூடு எப்போது அழிந்தது என்று தெரியாவிட்டால் கடைசி இரண்டு வருகைகளுக்கு நடுநாளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டைத் தொடவோ கிளையை வளைக்கவோ கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கப்படி காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைக்குள் அடங்கும். பறவையைப் பிடிக்கும் ஆய்வு என்றால் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். சரணாலயத்துக்குள் என்றால் நுழைவதற்கே தனி அனுமதி. கடிதத்தை ஜூனில் அனுப்புங்கள், ஜனவரியில் அனுப்பிவிட்டு அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனப் பன்மையை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் குறியீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் அதன் H' மதிப்பு ஒன்று கொழுத்த எழுத்தில் இருக்கிறது. இலைக்கோழி போய் அந்த இடத்தில் அதே அளவு மைனா வந்தாலும் அந்த எண் அசையாது. குளம் குளமாக இருக்கிறதா என்பதே அதில் தெரியாது. இனவாரியான எண்ணிக்கையும், எண்ணச் செலவிட்ட நேரமும், தண்ணீர் ஆழமும் உள்ள ஓர் அட்டவணை அந்த அத்தியாயம் முழுவதையும்விட மதிப்புள்ளது. அட்டவணையில் 0 என்பதும் வெற்றுக்கட்டமும் வேறு வேறு. தேடிப் பார்த்து இல்லை என்றால் 0, பார்க்கவே இல்லை என்றால் வெற்று. இதை மாணவர் மனத்தில் பதியவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மதிப்பெண்ணும் இதன்படி மாற வேண்டும். உள்மதிப்பீடு உங்கள் கையில் இருக்கும் வரை எங்கள் யோசனை: களக்குறிப்பேட்டுக்கு 30, தரவுக் கோப்புக்கு 20, அலசலுக்கு 25, வைவாவுக்கு 15, எழுத்துக்கு 10. குறிப்பேடு களத்தில் பென்சிலால் எழுதிய அசலாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து சுருங்கியிருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் அழகாக எடுத்தெழுதிய பிரதிக்கு மதிப்பெண் கிடையாது. தேர்வாளர் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அன்று எந்தக் கரையில் நின்றாய், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டாலே போதும்.

இளநிலையில் எல்லாரும் படிக்கும் சுற்றுச்சூழல் பாடத்துக்கு யுஜிசி வகுத்த அடிப்படைப் பாடத்திட்டத்தில் களப்பணிக்கும் நேரம் இருக்கிறது. பல இடங்களில் அது ஒரு பேருந்துச் சுற்றுலாவாகக் கரைகிறது. அறுபது பேரை ஆறாறு பேராகப் பிரித்து, கல்லூரி வளாகத்திலேயே பத்து இடங்களில் பதினைந்து நிமிடம் எண்ண வைத்து, முழுப் பட்டியலாக இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றலாம். எண்ணிக்கை தெரிந்தும் சோம்பலில், 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' குறியைப் போடக் கூடாது. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு அவரவர் ஊர் ஏலாவும் (வயல்வெளி) குளமுமே களம். இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்துதான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதில் குமரியின் பங்கு கூட வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பறவை ஆய்வில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பலரும் சில வருடம் திட்டப் பணியாளர்களாக இருந்து, முனைவர் பட்டம் முடித்து, பிறகே கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ போகிறார்கள். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் உயிரியல் தாளில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ. 37,000. சூழலியல் பகுதியை நம் வகுப்புகளில் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம், அங்கேதான் பிள்ளைகள் மதிப்பெண் விடுகிறார்கள். முதுகலையில் வனவிலங்கு உயிரியல் படிக்க மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்) என்று வழிகள் உண்டு. பிற்காலத்தில் விலங்கியல் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர், அந்தப் பட்டம் விலங்கியலுக்கு நிகரானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்து அலைபவர்கள் உண்டு. ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுப்பவர் பைண்டு போட்ட புத்தகத்தைப் புரட்டுவதில்லை. தரவுக் கோப்பைக் காட்டு, அலசியதை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மறுபடி ஓட்டிக் காட்டு, இந்த உள்ளான் எது என்று சொல் என்பார். மேலே சொன்ன முறையில் இரண்டு வருடம் எண்ணிய மாணவிக்கு மூன்றும் கைவசம் இருக்கும்.

வாரம் 16 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் நாக் தரமதிப்பீட்டுக் கோப்பு, தேர்வுப் பணி என்று உங்கள் தட்டில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். அதனால் ஆசிரியரிடம் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிறு காலையும், அன்று மாலையே கோப்பு பொதுச் சேமிப்பில் ஏறியதா என்று பார்ப்பதும் மட்டுமே. கோப்பின் பெயர் குளம், வருடம், மாதம் என்ற வரிசையில் இருக்கட்டும். 'ஃபைனல் நியூ 2' என்று இருந்தால் அடுத்த வருடம் யாரும் திறக்க மாட்டார்கள். தரவு துறையின் பெயரில் இருக்க வேண்டும், ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் ஓய்வு பெற்றாலும் அது அங்கேயே இருக்க வேண்டும்.

மே மாத விடுமுறைக்குள் நாகர்கோவிலில் ஒரு அரை நாள் கூடி, எந்தக் குளம் எந்தக் கல்லூரிக்கு என்று பிரித்துக்கொள்வோம். தொலைவில் இருக்கும் கல்லூரிக்கு அதன் பக்கத்துக் குளத்தையே கொடுப்போம். போக்குவரத்துச் செலவு கூடினால் இரண்டாம் வருடமே முயற்சி நின்றுவிடும். முதல் எண்ணிக்கையை ஜூலையில் தொடங்கலாம். அப்போது குளிர்கால வாத்துகள் இருக்காது. முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, மடையான் என்று உள்ளூர்ப் பறவைகளில் புதிய மாணவர்களுக்குக் கண்ணும் கையும் பழகிவிடும். செப்டம்பரில் கூட்டம் சேரும்போது திணற மாட்டார்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் பறவை ஆய்விலும் சுற்றுச்சூழல் உயிரியல் கற்பித்தலிலும் இருக்கும் சிலர்